வீட்டுக்கு ஒரு கை

சனிக்கிழமை சந்தை கலைகிற நேரம் பார்த்துத்தான் பிஷப்பின் ஆள் வந்து தண்டோரா போட்டான். நல்ல செய்தியாக இருந்தால் காலையிலேயே வந்து சொல்லியிருக்க மாட்டானா? மீன்காரிகள் காலிக் கூடைகளைக் கவிழ்த்துவிட்டு இடுப்பை நிமிர்த்திய நேரம், ஊர் உரிமைக்குக் காவலாக நிற்கும் ரோலண்ட் கற்சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கையிலிருந்த ஓலையை விரித்து ராகம் போட்டு வாசித்தான்.

வருகிற திங்கட்கிழமை ரோலண்டைக் கீழே தள்ள வேண்டும். தள்ள வேண்டியது பிஷப்பின் படை இல்லையாம், ஊர்க்காரர்களாம். வீட்டுக்கு ஒரு கை கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற ஆள் அந்த வீட்டைச் சேர்ந்த குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும். பிடித்தவர்களின் பெயரை எழுத்தர் ஒரு பட்டியலில் எழுதுவார். சிலை விழுந்ததும் பட்டியலுக்குப் பிஷப்பின் முத்திரை விழும். அதில் பெயர் உள்ளவர்கள்தான் இனி இந்த வெண்டல்ஸ்டெட் ஊரின் குடிமக்கள். கை வராத வீட்டுக்குத் தொழில் செய்ய உரிமை கிடையாது.

எப்படி இருக்கிறது கதை! அடித்தவன் அடித்ததோடு விடவில்லை, உன் கன்னத்தை நீயே அறைந்து காட்டு என்கிறான். கோடை முழுக்கக் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு பிஷப்போடு சண்டை போட்ட ஊர், பசி தாங்காமல் அறுவடைக் காலத்தில் கதவைத் திறந்துவிட்டது. அதற்கான கூலி இது.

சதுக்கத்தின் வடக்கு ஓரத்தில், விதவை மெட்டெக்கேயின் பீர்க் காய்ச்சும் வீட்டு வாசலில், இல்ஸபே பீப்பாய்க்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்டோராவின் முதல் பாதி அவள் காதில் சரியாக விழவில்லை. தலையை வெளியே எடுத்தபோது சதுக்கமே மூச்சுக் காட்டாமல் நின்றது. மீன்காரி ஒருத்தி முன்துணியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவன் இரண்டாம் முறை வாசித்தான். இந்த முறை இல்ஸபே ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

திங்கட்கிழமை! அவளுக்கு வேண்டியது வியாழக்கிழமை.

இல்ஸபே ஓடி வந்த பண்ணையாள். மூன்று நாள் நடை தூரத்தில் மடத்துக்குச் சொந்தமான பண்ணையில் பிறந்தவள். அங்கே ஓர் ஆள் செத்தால், வீட்டில் உள்ளதில் நல்ல மாட்டையும் நல்ல துணியையும் பண்ணை எடுத்துக்கொள்ளும். அம்மா செத்தபோது மாடு இல்லை. காரியஸ்தன் எக்பெர்ட் வந்தான், வீட்டைச் சுற்றிப் பார்த்தான், ஆணியில் தொங்கிய நீலப் பாவாடையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அம்மாவின் உடல் இன்னும் கட்டிலிலேயே இருந்தது. திருநாளுக்குத் திருநாள் மட்டும் அம்மா கட்டின பாவாடை அது. அதைக் கட்டித்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று இல்ஸபே நினைத்திருந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பண்ணை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதுபோல் வாளியோடு போனவள் திரும்பிப் போகவில்லை. அந்த வாளி இன்னும் மெட்டெக்கே வீட்டில்தான் இருக்கிறது.

ஊருக்குள் நுழைந்த அன்று கோட்டைக் காவல்காரன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னான்.

"நேராப் போ. சதுக்கத்துல கத்தியோட ஒரு கல்லு மனுஷன் நிப்பாரு. அவரு முட்டியத் தொட்டுட்டு, இன்னைக்கு என்ன நாளுன்னு மனசுல வச்சுக்க."

போன வருடம் செப்டம்பர் கடைசியில், மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு அது. ரோலண்டின் முழங்கால் முட்டி இரண்டும் கைபட்டுக் கைபட்டுக் கறுத்து வழவழவென்று இருந்தன. அந்த ஊர்ச் சட்டம் அவளுக்கு அப்புறம்தான் விளங்கியது. பண்ணையிலிருந்து ஓடி வந்தவர், எவரும் உரிமை கேட்டு வராமல் ஒரு வருடம், ஆறு வாரம், மூன்று நாள் இந்த ஊரில் இருந்துவிட்டால் அவர் யாருக்கும் ஆள் இல்லை. கடைசி நாள் மத்தியானம் ரோலண்டின் முட்டியில் கை வைத்து நிற்க வேண்டும். நகரச் சேவகன் மூன்று முறை கூவிக் கேட்பான்: "இவள்மேல் உரிமை கேட்பவர் யாராவது உண்டா?" மூன்று முறையும் பதில் இல்லையென்றால் முடிந்தது. உரிமை கேட்கிறவனும் அதே முட்டியில் கை வைத்துத்தான் கேட்க வேண்டும். வேறு எங்கே நின்று கத்தினாலும் செல்லாது.

அந்தக் கணக்குப்படி இல்ஸபேயின் நாள் வருகிற வியாழன், நவம்பர் பதினொன்று, மார்ட்டின் திருநாள். மூன்றே நாள் குறைச்சல்.

அன்று மாலையே மெட்டெக்கே காய்ச்சும் கொப்பரைப் பக்கத்தில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இந்த வீட்டுலேர்ந்து ஒரு கையும் அந்தக் கயித்தத் தொடாது. எவன் வந்து சொன்னாலும் சரி."

"தொழிலப் பிடுங்கிருவாங்களாம்மா," என்றாள் இல்ஸபே.

"பிடுங்கட்டும். என் புருஷனையே பிடுங்கிட்டாங்க, கொப்பரையா பெருசு?"

மெட்டெக்கேயின் கணவன் டீலே ஆடி மாத வெயிலில் கிழக்கு மதில்மேல் அம்பு பட்டுச் செத்தான். குழி மூடும்போது அவள் அழவில்லை. "பெரியவரு நிக்கிற வரைக்கும் நீ வீணாப் போகலய்யா" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். ஊரில் எல்லோரும் ரோலண்டைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்ட நாற்பது பேரில் இல்ஸபேயும் ஒருத்தி. அப்படிப்பட்டவளிடம் போய், ஒரு கை அனுப்பினால் என்ன என்று எந்த வாயால் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நகரத் தலைவர் பார்டோல்ட் வந்தார். நல்ல மனுஷர்தான், முதுகெலும்பு மட்டும் கடவுள் கொஞ்சம் சிக்கனமாக வைத்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"மெட்டெக்கே, சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதும்மா. யாரும் இழுக்கப் போறதில்ல. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பேசி வச்சிருக்கோம். கயித்தப் பிடிப்போம், இழுக்க மாட்டோம். கல்லு அசையலன்னா அவங்களே குதிரையக் கட்டி இழுத்துக்கட்டும். பாவம் நம்ம தலையில விழாது."

"பேரு மட்டும் பட்டியல்ல விழுந்துரும்."

"அது விழணுமே! ஒரு வீடு கொறஞ்சாலும் என்னையில்ல கேப்பாங்க?"

"அதச் சொல்லுங்க மொதல்ல," என்றாள் மெட்டெக்கே. "ஊருக்காக வந்தீங்கன்னு நெனச்சு ஒரு குவளை பீரு ஊத்தலாம்னு இருந்தேன். நல்லவேளை, மிச்சம்."

தலைவர் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

இல்ஸபே சிரிக்க முயன்றாள், முடியவில்லை. காலையில் கோயிலுக்குப் போகுமுன் கிணற்றடியில் நடந்ததை அவள் மெட்டெக்கேயிடம் சொல்லவில்லை. வாளியை மேலே இழுத்து நிமிர்ந்தால் எதிரே காரியஸ்தன் எக்பெர்ட் நின்றான். அதே கம்பளிச் சட்டை, அதே வெட்டுப்பட்ட காது. பிஷப்பின் படைக்கு மடத்திலிருந்து தானியம் ஏற்றி வந்தவன், வந்த இடத்தில் அவளைப் பார்த்துவிட்டான்.

"அட, நம்ம வாளி!" என்றான். "வாளி நல்லாயிருக்கு. தூக்குற ஆளும் கொஞ்சம் சதை பிடிச்சிருக்கு."

அவள் வாளியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

"பயப்படாத. இப்ப உன்னப் பிடிக்க மாட்டேன். அந்தக் கல்லு முட்டியத் தொட்டுக் கேளு, ரெண்டு சொந்தக்காரன சாட்சிக்குக் கூட்டிட்டு வான்னு ஊர்க்காரனுங்க என்ன அலைய விடுவானுங்க. எதுக்கு அலையணும்? நாளைக்குக் கல்லே இருக்காது. கல்லு இல்லன்னா அந்தச் சட்டமும் இல்ல. நாளைக்கே வண்டியோட வரேன். துணிமணி இருந்தா மூட்டை கட்டி வை."

துணிமணி! போன ஈஸ்டருக்கு மெட்டெக்கே கொடுத்த நீலத் துணியில் ஒரு பாவாடை தைத்திருந்தாள். அந்தத் துணியை அளந்ததும் ரோலண்டிடம்தான். அவருடைய ஒரு முட்டிக்கும் மறு முட்டிக்கும் நடுவே உள்ள நீளம்தான் ஊரில் ஒரு முழம். துணிக்காரன் ஏமாற்றினால் எந்தப் பெண்ணும் நேராக அங்கே போய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடலாம். இல்ஸபேயும் பிடித்துப் பார்த்தாள். இம்மி குறையவில்லை. அந்தப் பாவாடையை வியாழக்கிழமை கட்டிக்கொள்வதற்காக மடித்து வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை தூறலோடு விடிந்தது. தச்சன் ஹென்னிங் ஏணி வைத்து ஏறி ரோலண்டின் கழுத்திலும் இடுப்பிலும் கயிறு கட்டினான். இறங்கி வந்தவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஒரு மாசத்துக்கு முன்னாடி இதே ஏணியில ஏறி அவரு மூஞ்சியில குருவி எச்சத்தத் தொடச்சேன்," என்று மட்டும் பொதுவாகச் சொன்னான். இரண்டு நீளக் கயிறுகள் ஈரக் கல்தரையில் வளைந்து கிடந்தன. நடுவில் ஒரு மேஜை போட்டு, மேலே தோல் கூரை பிடித்து, பிஷப்பின் எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

மெட்டெக்கே சதுக்கத்தைப் பார்த்த சன்னல் கதவுகளை எல்லாம் சாத்தினாள். கொப்பரை அடியில் நெருப்பை மூட்டினாள். "இன்னைக்கு வேலை நாள்தான். மால்ட்டக் கொண்டா," என்றாள்.

இல்ஸபே மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி மூட்டையைத் தூக்கினாள், இறக்கினாள். வெளியே எழுத்தர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவது கதவு வழியாகக் கேட்டது. ரொட்டிக்காரன் வீடு. கொல்லன் வீடு. மூன்றாவது தெரு முடிந்து நாலாவது தொடங்கியது. இந்த வீட்டில் அவளுக்குச் சோறு போட்டவள், முதுகில் கட்டி வந்தபோது களிம்பு தடவியவள், இதோ மூன்றடி தூரத்தில் நெருப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். கிணற்றடியில் நடந்ததைச் சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன செய்வாள்? தன் சபதத்தை முறித்துக்கொண்டு போ என்பாளா? அப்படி ஒரு கஷ்டத்தை அவள் தலையில் வைக்கலாமா? இல்லை, போகாதே என்றுதான் சொல்லிவிடுவாளா? இரண்டில் எது அதிகப் பயம் என்று இல்ஸபேக்கே தெரியவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவள் செய்த தப்பு. பிற்பாடு எத்தனையோ முறை அவள் தன்னையே திட்டிக்கொண்டது அதற்காகத்தான்.

"விதவை மெட்டெக்கே வீடு!" என்று வெளியே குரல் கேட்டது.

மெட்டெக்கே நெருப்பை ஊதினாள்.

"விதவை மெட்டெக்கே வீடு! இரண்டாம் முறை!"

இல்ஸபே மூட்டையைக் கீழே வைத்தாள். பின்கட்டு வழியாக ஓடி, சந்தில் திரும்பி, சதுக்கத்துக்குள் வந்து மேஜை முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

எழுத்தர் நிமிர்ந்தார். மூக்கு நுனியில் மசி ஒட்டியிருந்த ஒல்லி மனுஷர். "எந்த வீடு?"

"மெட்டெக்கே வீடு."

"பேரு?"

"இல்ஸபே."

"வீட்டுக் குடிமகதானா?"

பக்கத்தில் நகரத் தலைவர் பார்டோல்ட் நின்றிருந்தார். அவள் யார், எங்கிருந்து வந்தவள், எந்தப் பீப்பாயைத் தேய்க்கிறவள் எல்லாம் அவருக்குத் தெரியும். அவள் அவரைப் பார்த்தாள். அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். ஒரு வீடு குறைந்தால் அவரைத்தானே கேட்பார்கள்!

"ஆமா," என்றாள் இல்ஸபே.

எழுத்தர் எழுதினார். அவளுடைய பெயரை வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் எழுதுவதை அவள் பார்த்தாள். அதில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. கயிற்றில் ஹென்னிங்குக்கு முன்னால் இடம் காட்டினார்கள். போய்ப் பிடித்தாள்.

"நீயா?" என்றான் ஹென்னிங் பின்னாலிருந்து. "மெட்டெக்கேயா அனுப்புனா?"

அவள் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா பிடிச்சுக்க. இழுக்காத. தொங்கிக்கிட்டு நில்லு, போதும்."

பிஷப்பின் சேவகர் தலைவன் கையைத் தூக்கி இறக்கினான். இருநூறு பேர் பல்லைக் கடித்தார்கள், முனகினார்கள், காலை உதைத்தார்கள். ஆகா, என்ன நடிப்பு! ரொட்டிக்காரன் முகம் சிவந்துகூடப் போயிற்று. கயிறு மட்டும் கொடியில் காயும் துணிபோல் தொய்ந்து கிடந்தது. ரோலண்ட் கத்தியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மழை மூக்கில் சொட்ட, எல்லோருக்கும் மேலாக எங்கேயோ பார்த்தபடி நின்றார். இன்னொரு முறை. மூன்றாம் முறை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு ஊருக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்தது.

சேவகர் தலைவன் எழுத்தரிடம் போய்க் குனிந்து பேசினான். எழுத்தர் எழுந்து நின்றார்.

"மத்தியான மணி அடிக்கிறதுக்குள்ள சிலை விழணும். விழலன்னா இந்தப் பட்டியலக் கிழிச்சுருவேன். யாருக்கும் குடியுரிமை கிடையாது. உங்க இஷ்டம்."

யாரும் இழுக்கவில்லை. கிழிக்கட்டுமே என்று முதல் வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். அது பின்வரிசை வரைக்கும் வாய் வாயாகப் போயிற்று. கிழிக்கட்டும், கிழிக்கட்டும். அவர்களால் சொல்ல முடியும். பட்டியல் கிழிந்தாலும் அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள்.

சதுக்கத்தின் மூலையில் வண்டி வந்து நின்றது. எக்பெர்ட் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, வண்டிப் பலகையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். அவசரமே இல்லாத பார்வை. சிலை விழாவிட்டாலும் அவனுக்கு நஷ்டம் இல்லை. நாளைக்குக் குதிரை கட்டி இழுப்பார்கள். பட்டியல் இருக்காது, அவள் பெயரும் இருக்காது.

இல்ஸபே இழுத்தாள்.

பீப்பாய் உருட்டிப் பழகிய தோள் அவளுடையது. குதிகாலைக் கல் இடுக்கில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். தொய்ந்திருந்த கயிறு விண்ணென்று நிமிர்ந்தது. பின்னால் ஹென்னிங், "அடிப்பாவி, என்ன பண்ற!" என்றான். கயிறு இறுகியதும் பிடித்திருந்த எல்லாக் கைகளிலும் ஓர் உலுக்கல் ஓடியது. யாரோ இழுத்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரென்று தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக, சனியன் தொலையட்டும் என்பதுபோல், உண்மையாகவே இழுக்கத் தொடங்கினார்கள். ரொட்டிக்காரன் அழுதுகொண்டே இழுத்தான்.

ரோலண்ட் முதலில் தலையசைத்த மாதிரி இருந்தது. பிறகு இடுப்பில் கல் பிளக்கும் சத்தம். மேல்பாதி முன்னால் சாய்ந்து விழுந்தது. கத்தி மூன்று துண்டாயிற்று. கீழ்ப்பாதி, அந்தக் கறுத்த முட்டிகளோடு, ஒரு கணம் தனியாக நின்றுவிட்டு ஒருக்களித்துச் சரிந்தது. மத்தியான மணி அடித்தது. இல்ஸபேயின் உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றில் ஒட்டியிருந்தது.

எழுத்தர் மெழுகை உருக்கிக்கொண்டிருந்தபோது எக்பெர்ட் மேஜைக்கு வந்தான்.

"ஐயா, முத்திரைக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். அதோ நிக்கிறாளே, அவ இந்த ஊரு குடிமக இல்ல. எங்க மடத்துப் பண்ணையாளு. பொய் சொல்லிப் பேரு எழுதியிருக்கா."

எழுத்தர் பட்டியலில் விரலை ஓட்டினார். "மெட்டெக்கே வீட்டுக் குடிமகன்னு எழுதியிருக்கு."

"வேலைக்காரி ஐயா. பீப்பா கழுவுறவ. தலைவரையே கேளுங்களேன்."

தலைவர் பார்டோல்டைக் காணவில்லை. எப்படித்தான் மறைந்தாரோ!

"நான் எழுதினத நானா அடிக்க முடியாது," என்றார் எழுத்தர் எரிச்சலாக. "முத்திரை வச்சாச்சுன்னா அந்தப் பிஷப்பே வந்தாலும் அடிக்க முடியாது. வீட்டுக்காரி வந்து, இவ என் வீட்டு ஆள் இல்ல, நான் அனுப்பலன்னு சொன்னா அடிக்கிறேன். கூப்பிடுங்க அவங்கள."

கூப்பிட ஆள் போக வேண்டியிருக்கவில்லை. மெட்டெக்கே ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் புகைக்கரி. உடைந்து கிடந்த கல்லைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள், அதை ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. கயிற்றைத் தொட மாட்டேன் என்று நின்ற ஒரே ஆள் அவள் என்று எல்லோருக்கும் தெரியும். ஹென்னிங் தொப்பியைக்கூடக் கழற்றினான்.

எக்பெர்ட் குரலில் தேன் தடவிக்கொண்டான். "அம்மா, உங்களப் பத்தி ஊரே சொல்லுச்சு. ஒரு கையும் அனுப்ப மாட்டேன்னு நின்ன ஒரே ஆள் நீங்க. இந்தச் சிறுக்கி உங்களுக்குத் தெரியாம உங்க வீட்டுப் பேரக் கெடுத்துட்டா. நான் அனுப்பலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேரு சுத்தமாயிரும்."

மெட்டெக்கே இல்ஸபேயைப் பார்த்தாள். இல்ஸபே தலையை நிமிர்த்தவில்லை. உரிந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றாள். சொல்லட்டும், சொன்னால் நியாயம்தான், என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லிவிடாதே அம்மா, சொல்லிவிடாதே, என்றும் அதே மனது கெஞ்சியது.

"அந்த வண்டி யாருக்கு?" என்று கேட்டாள் மெட்டெக்கே.

"இவளுக்குத்தான்."

"எப்பச் சொன்ன இவகிட்ட?"

"நேத்துக் காலையில, கிணத்தடியில."

மெட்டெக்கே வண்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு சதுக்கத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி, மீன் விற்கிறவள் மாதிரிக் கத்திச் சொன்னாள்.

"நான்தான் அனுப்புனேன். அவ என் வீட்டு ஆளு. அவ இழுத்தது நான் இழுத்தது. எழுதிக்கங்க."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஹென்னிங் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான். மீன்காரி ஒருத்தி காறித் தரையில் துப்பினாள். அது மெட்டெக்கேயின் பாவாடை ஓரத்தில் பட்டது. அவள் துடைக்கவில்லை. எழுத்தர் மெழுகை ஊற்றி முத்திரையை அழுத்தினார்.

வீட்டுக்குள் போனதும் இல்ஸபே அவள் காலடியில் மண்டியிட்டாள். "அம்மா..."

"எந்திரி. அம்மான்னு கூப்பிடாத. இப்ப நீயும் குடிமக, நானும் குடிமக. பேரச் சொல்லிக் கூப்பிடு."

"ஐயோ, அதெப்படிம்மா..."

"சன்னல் இடுக்கு வழியாப் பாத்தேன்டி." மெட்டெக்கே முகத்துக் கரியைப் புறங்கையால் துடைத்தாள். "அவ்வளவு பேரும் நின்னாங்க. ஒருத்தன் இழுக்கல. மொதல்ல இழுத்தது நீ. என் டீலேயோட ரத்தம் காயாத மதிலு இந்தா இருக்கு, அதுக்கு முன்னாடி நின்னு இழுத்த. ஏன் இழுத்தன்னு இப்பத் தெரியுது. என்கிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நானே வந்து பிடிச்சிருப்பேனே, உன் பாவமாவது பாதியாயிருக்கும்! தெரிஞ்சாலும் எனக்கு ஆறல. உன்ன வண்டியில ஏத்த என்னால முடியல, அவ்வளவுதான். அதுக்காக ஆறிட்டதுன்னு நெனச்சுக்காத."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. செவ்வாயும் புதனும் பீர் வாங்க வழக்கமாக வரும் பெண்கள் யாரும் வரவில்லை. அத்தனை பேரும் இழுத்தவர்கள்தான்! ஆனால் தாங்கள் இழுத்ததை மறக்க, பழி போடுவதற்கு அவர்களுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. இல்ஸபே சாம்பல் தண்ணீரில் பீப்பாய்களைத் தேய்த்தாள். உரிந்த கையில் அது நெருப்பாய் எரிந்தது. எரியட்டும் என்று தேய்த்தாள்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மெட்டெக்கே கொப்பரைத் துடுப்பைச் சுவரில் சாய்த்தாள்.

"இன்னைக்கு மார்ட்டின் திருநாள்," என்றாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

இல்ஸபே நிமிர்ந்தாள்.

"என்ன முழிக்கிற? நீ மட்டும்தான் நாளு எண்ணுனியா? நானும் எண்ணுனேன். அந்த நீலப் பாவாடையக் கட்டிக்கிட்டுப் போய் நில்லு."

"எங்கம்மா போய் நிக்கிறது? அங்க ஒண்ணுமே இல்லையே!"

"எடம் இருக்குல்ல. நில்லு."

பீடம் மட்டும் இருந்தது. பக்கத்தில் எக்பெர்ட்டின் வண்டி. அவளுக்காகக் கொண்டு வந்த வண்டியில் உடைந்த கல்லை ஏற்றும் வேலையைப் பிஷப்பின் ஆட்கள் அவன் தலையில் கட்டியிருந்தார்கள். கறுத்த முட்டி ஒன்று குவியலின்மேல் துருத்திக்கொண்டு தெரிந்தது. இல்ஸபே நீலப் பாவாடையோடு போய் வெறும் பீடத்தில் கை வைத்து நின்றாள். பிஷப்பின் சேவகர்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மெட்டெக்கே வாசல்படியில் நின்று, நகரச் சேவகன் கூவ வேண்டியதைத் தானே கூவினாள்.

"இவள்மேல் உரிமை கேட்பவர் யாராவது உண்டா?"

சதுக்கத்தைச் சுற்றிய சன்னல்களில் ஒன்றும் திறக்கவில்லை. எக்பெர்ட் கையிலிருந்த கல்லை வண்டியில் வைத்தான்.

"இவள்மேல் உரிமை கேட்பவர் யாராவது உண்டா?"

ஒரு சேவகன் அடியெடுத்து வைத்தான், இன்னொருவன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். முத்திரை விழுந்த பட்டியலில் உள்ள பெயரென்று அவர்களுக்கும் தெரியும்.

மூன்றாம் முறை கூவும்போது மெட்டெக்கேயின் குரல் உடைந்துவிட்டது. உடைந்த குரலிலேயே எக்பெர்ட்டை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். எக்பெர்ட் வாயைத் திறந்தான். சுற்றிலும் பார்த்தான். கை வைத்துக் கேட்பதற்கு முட்டி அவன் வண்டியில்தான் கிடந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு, குனிந்து அடுத்த கல்லைத் தூக்கினான்.

"முடிஞ்சுது," என்றாள் மெட்டெக்கே. மூக்கைச் சிந்தி முன்துணியில் துடைத்தாள். "இனிமே நீ எங்க வேணும்னாலும் போலாம். உன்ன யாரும் கேக்க முடியாது. நானும்தான்."

இல்ஸபே பீடத்திலிருந்து கையை எடுத்தாள். போக எந்த இடமும் அவளுக்குத் தெரியாது. போகவும் மனமில்லை. ஈரக் கல்லில் நடந்து திரும்பி வந்து வாசல்படிக்குக் கீழே நின்றாள்.

"பீப்பா ரெண்டு கழுவாமக் கெடக்கு," என்றாள்.

"கெடக்கட்டும். கழுவ வரியா, இல்லையா?"

"வரேம்மா."

"என்னன்னு கூப்பிடச் சொன்னேன்?"

இல்ஸபேக்குக் கண்ணில் நீர் முட்டியது. "வரேன், மெட்டெக்கே," என்றாள். குரல் பாதிதான் வந்தது. மெட்டெக்கே திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.